கோடு வளைகிற இடம்

எண்டரைத் தட்டியதும் திரை கறுத்தது, ஒரு தடவை வெளிறியது, பிறகு அதே முகத்தோடு திரும்பி வந்து நின்றது. எழுத்தெல்லாம் பருத்து, ஓரங்கள் ரம்பப் பல்லாகி, பாஸ்போர்ட் போட்டோவைக் கல்யாணப் பேனர் அளவுக்கு இழுத்து அடித்ததுபோல. அப்படியென்றால் இதுவும் இல்லை என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டான். எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூட்டுக்குள் நுழைத்த சாவி ஏதோ ஒரு பல்லில் மட்டும் இடித்துக்கொண்டு நிற்கும்போது வருமே, எந்தப் பல் என்று பார்க்கிற ஆசை, அதுதான் வந்தது. காலையில் மெஷினைப் போட்டு இந்தக் கோலத்தைப் பார்த்தபோதும் முதலில் வந்தது ஒருவித நிம்மதிதான் என்பதை அவன் யாரிடமும் சொல்லமாட்டான். ஒரு வாரத்துக்கு மேலாகவே அவன் வரைகிற வீட்டு பிளான்களில் சுவர்கள் வளைந்துகொண்டிருந்தன. எல்லாச் சுவரும் அல்ல, முழுச் சுவரும் அல்ல. ஒன்பது அங்குலச் சுவருக்கு இழுத்த இரண்டு கோடுகள் நேராக ஓடிவந்து, அவன் பார்க்கிற இடத்தில் மட்டும், காகிதத்துக்கு அடியில் புளியங்கொட்டையை வைத்ததுபோல லேசாகப் புடைத்து, தாண்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் போயின. கர்சரைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டால் கோடு நேர்தான் என்று மென்பொருள் சொன்னது. கோணம் சரி, நீளம் சரி. பார்வைக்கு மட்டும் புடைப்பு. கார்டு கிழடாகிவிட்டது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டான். திரையில் படத்தை எழுப்புகிற கார்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஜமாலுதீன் கடையில் வாங்கிய பழையது, யாரோ ஒருவன் இரவு பகலாகத் துப்பாக்கி விளையாட்டு ஆடித் தேய்த்தது. அது கோட்டை வளைக்காமல் என்ன செய்யும். ஆனாலும் நிச்சயமில்லாமல் இருந்தது. இன்றைக்கு மெஷினே தன் வாயால் ஒத்துக்கொண்டுவிட்டது. ஒரு வாரமாக அரைகுறையாக வேலை செய்திருக்கிறது, இன்று முழுதாகக் கைவிட்டுவிட்டது. கோளாறு ஒன்றுதான், இரண்டு அல்ல. இதைச் சரிசெய்தால் சுவரும் நேராகிவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிக்கொள்கிறோமோ என்று அவனுக்கே பட்டது.

"வந்துருச்சுங்களா?" என்று மனைவி வசந்தாமணி நிலைப்படியிலிருந்தே கேட்டாள். உள்ளே வரவில்லை. கையில் நேற்றைய ஆயுத பூஜைப் பொரி, பொட்டுக்கடலை கலந்த கிண்ணம்.

"இன்னும் இல்ல."

"நான் சந்தனம் வெச்சதுனாலதானுங்க?"

"இல்லீன்னு சொன்னனல்ல."

"சொன்னீங்க. சொன்னப்ப இருந்த மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலீங்களே."

அவள் கிண்ணத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவன் ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டான், நமுத்திருந்தது. காலையில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தபோது கார்டின் முனை வெளியே தெரிகிற இடத்தில் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். இதுக்குள்ள எதுக்கு அப்புன என்று குரல் உயர்ந்துவிட்டது. அவள் முகம் வாடாமல் நின்று, "இருக்கறதுலயே அதுதான் விலை சாஸ்தின்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அதுக்கு வெக்காம ஸ்டேப்ளருக்கா வெப்பாங்க?" என்றாள். ஸ்டேப்ளருக்கும் வைத்திருந்தாள். ஸ்கேலுக்கும், பேனா டப்பாவுக்கும், பிரிண்டருக்கும், வாசலில் நிற்கிற ஸ்கூட்டருக்கும். ஸ்கூட்டரை அவள் தனியாகக் கடைக்குப் போகும்போது மட்டும் ஓட்டுவாள். அவன் கூட வந்தால் அவன்தான். அவன் காது குடையும் பஞ்சுக்குச்சியால் கார்டின் முனையிலிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தான். அப்போதே தெரியும், இது காரணமில்லை என்று. வெளித்தகட்டில் காய்ந்துபோன சந்தனம் உள்ளே இருக்கிற எதையும் தொடவில்லை. தெரிந்தும் அதை அவளிடம் ஏன் தெளிவாகச் சொல்லவில்லை? அவள் மேல் கொஞ்ச நேரம் பழி இருக்கட்டும் என்பதற்காக அல்ல. பழி எங்கேயாவது ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்பதுபோல. சந்தனத்தில், கார்டில், துப்பாக்கி விளையாட்டு ஆடியவனிடத்தில், எங்கே வேண்டுமானாலும். பெட்டிக்குள் விசிறி வேகம் எடுத்தது. மெலிதாகச் சந்தன வாசனை வந்தது, சூடான தகரத்தின் வாசனையோடு கலந்து, ஏதோ கோயிலில் ஜெனரேட்டர் ஓடுவதுபோல.

கட்டளை எழுதுகிற கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து மறுபடி தட்டத் தொடங்கினான். இந்த ஜன்னல் அவனுக்குப் பிடிக்கும். முன்பு வேலை பார்த்த என்ஜினீயர் ஆபீசில் திருட்டுக் காப்பி மென்பொருளுக்குப் பயந்து எல்லா மெஷினையும் காசில்லாமல் கிடைக்கிற லினக்சுக்கு மாற்றியபோது மற்றவர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவன் மட்டும் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து இதோடு பேசிப் பழகினான். ஆபீசை விட்டு வீட்டிலேயே பிளான் வரைய உட்கார்ந்தபோதும் அதையே வைத்துக்கொண்டான். மரியாதையான ஆள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும், அப்படி இருக்குமோ இப்படி இருக்குமோ என்று இழுக்காது. என்னென்ன சாமான் மாட்டியிருக்கிறது என்று கேட்டான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து கார்டின் பெயரையும் சொன்னது. அதற்கு அடுத்த வரியில், அந்தக் கார்டை இப்போது எந்த டிரைவர் இயக்குகிறது என்று வர வேண்டும். அந்த வரியே இல்லை. கார்டு இருக்கிறது, மின்சாரம் போகிறது, விசிறி சுற்றுகிறது. கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்று இது சொல்வதை அதற்குச் சொல்கிற ஆள்தான் இல்லை. அவன் அந்த இல்லாத வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பருத்த எழுத்துகளில் புடைப்பு எதுவும் தெரியவில்லை. எல்லாமே ரம்பப் பல்லாக இருக்கும்போது எது கோணல் எது நேர் என்று யார் கண்டது. இப்படியே இருந்துவிட்டால்கூடத் தேவலை என்று ஒரு நினைப்பு வந்து, எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டது. அப்பா டிவியை ஓரமாக உட்கார்ந்துதான் பார்ப்பார். எதிரில் நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் எழுந்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, கடைக்கண்ணால். பழக்கம் என்று நினைத்தார்கள். நாற்காலியை மறுபடி மறுபடி நடுவில் கொண்டுவந்து போட்டார்கள். இதற்கும் அதற்கும் என்ன. அவன் ஜமாலுதீனுக்குப் போன் போட்டு, சத்தத்தை ஏற்றி மேஜைமேல் வைத்தான்.

"சொல்லுங்ணா. இப்பத்தான் ஷட்டரத் தூக்குனேன். பசங்க பூஜை போட்டுட்டுப் போன பொரி கடை பூராம் கெடக்குது, நடந்தா நொறுநொறுங்குது."

"ஜமாலு, கார்டு எந்திரிக்க மாட்டீங்குது."

"சாமி கும்புட்டு மறுநாளே படுத்துருச்சா? நல்லாக் கும்புட்டீங்களா இல்லியா?"

"வசந்தா கார்டு மேலயே சந்தனம் வெச்சுட்டா."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "தேங்காத் தண்ணிய பிரிண்டர் மேல ஊத்திட்டு வந்தவங்களையே பாத்துட்டனுங்ணா. சந்தனம் ஒண்ணும் பண்ணாது. குளிர்ச்சி. ஆமா, மெஷின எந்த மூலைல வெச்சிருக்கறீங்க? ஊருக்கெல்லாம் வாஸ்து பாத்து பிளான் போடறீங்க, உங்க ரூம்ல பாத்தீங்களா?"

"வெளையாடாத. டிரைவர் வரியே காட்ட மாட்டீங்குது."

"சரி, எந்தக் கெர்னல் ஓடுதுன்னு கேளுங்க."

கெர்னல் என்பது மெஷின் எழும்போது முதலில் எழுந்து மற்ற எல்லாரையும் எழுப்புகிற ஆள். அவன் கேட்டான். ஜன்னல் ஓர் எண்ணைச் சொன்னது. அதைப் படித்துக் காட்டினான். ஜமாலுதீன் அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பெருக்குமாறு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"இது புதுசாச்சே. கடைசியா எப்பங்ணா ஆஃப் பண்ணுனீங்க?"

"நேத்து. சாமி கும்புட."

"அதுக்கு முன்னாடி?"

அர்த்தநாரி யோசித்துப் பார்த்தான். அவன் அணைப்பதில்லை, தூங்கத்தான் வைப்பான். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும். "போன ஆயுத பூஜைக்கு இருக்கும்."

"அட கெரகமே!" என்றான் ஜமாலுதீன், சந்தோஷமாக. "வருஷம் பூராம் புது ஆளுங்க வந்து உள்ள குந்தியிருக்கறாங்க. பழைய ஆளு தூங்கித் தூங்கி எந்திரிச்சாலும் எடத்த விடாம அவனே வேலை பாத்துட்டிருந்தான். நேத்து நீங்க மொத்தமாப் படுக்க வெச்சீங்க. காலைல எந்திரிச்சது புது ஆளு. அவனுக்கு உங்க கார்டு யாருன்னே தெரியாது. ஹெட்டர்னு ஒண்ணு இருக்குது, அதப் போட்டு டிரைவரத் திருப்பிக் கட்டுனீங்கன்னா அறிமுகமாயிரும். கட்டளை அனுப்பறேன், அப்படியே அடிங்க."

"ஜமாலு."

"சொல்லுங்ணா."

"டிரைவர் சரியில்லீன்னா கோடு வளையுமா?"

"வளையுமான்னா?"

"நேர்க்கோடு. நடுவுல புடைச்சுட்டு."

"கிழியும். நடுங்கும். கலர் மாறும், புள்ளி புள்ளியாத் தெறிக்கும்." யோசிக்கிறான் என்று தெரிந்தது. "வளைஞ்சு நான் பாத்தது இல்ல. மொதல்ல இதக் கட்டுங்க."

பாத்தது இல்ல. நடக்காது என்று சொல்லவில்லை, பார்த்தது இல்லை என்றுதான் சொன்னான். அர்த்தநாரி அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, வந்த கட்டளையை ஓர் எழுத்து பிசகாமல் அடித்தான். வரிகள் ஓடத் தொடங்கின. இழுக்கிறேன், பிரிக்கிறேன், வைக்கிறேன், புதுக் கெர்னலுக்காகக் கட்டுகிறேன் என்று மெஷின் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது, சமையல்காரர் எடுபிடியிடம் சொல்வதுபோல. எவ்வளவு விசித்திரம். ஒரு வருஷமாக உள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. தினமும் இதே நாற்காலியில் இதே திரைக்கு முன்னால் வேலை பார்த்திருக்கிறான், எந்த அடையாளமும் இல்லை. எழுகிற நேரம் வந்தபோது எழுந்திருக்கிறது. அது எப்போது வந்தது என்று கேட்டால் மெஷின் தேதியோடு சொல்லும். சொல்லாத இடங்களும் இருக்கின்றன. போன வாரம், பிளான் வரையக் கொடுக்கிற என்ஜினீயர் போன் செய்து, மாடிப்படிச் சுவரில் இரண்டு கோடு ஒட்டாமல் நிற்கிறதே, கவனிக்கலையா என்று கேட்டார். கோபமாக இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவனுடைய கோடு ஒட்டாமல் நின்றதில்லை. திறந்து பார்த்தால் மயிரிழை இடைவெளி. அவன் கண்ணுக்கு அது மூடித்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபிறகுதான் திறந்தது. கார்டு என்று சொன்னான் அவரிடம். கார்டு கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க. வாய் தானாகச் சொன்னது. அப்பா இதேமாதிரி லாரியின் முன்கண்ணாடியைச் சொன்னார். அவர் ரிக் லாரி ஓட்டினார், ஆழ்துளைக் கிணறு போடுகிற எந்திரத்தைச் சுமந்துகொண்டு, திருச்செங்கோட்டில் எத்தனையோ பேரைப்போல வருஷத்தில் பாதியை ஆந்திராவிலும் அதற்கு மேலேயும் கழித்தார். ஒரு தடவை, ரோடு நடுவில் மேடு தட்டித் தெரிகிறது, கண்ணாடியில் அலை இருக்கிறது என்று சொல்லி மாற்றச் சொன்னாராம். மாற்றினார்களாம். புதுக் கண்ணாடியிலும் அலை இருந்ததாம். மட்டமான சரக்கு என்று திட்டி அதையும் மாற்றவைத்தாராம். இதெல்லாம் அப்பாவின் கருமாதிப் பந்தியில் பழைய கிளீனர் மாதையன் சொல்லித்தான் தெரியும். "ஒடையாத கண்ணாடிய ரெண்டு தடவை மாத்துன ஆளு உங்கொப்பன்" என்று பாயசத்தை வழித்துக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிக்காமல் மீதியைச் சொன்னார். ஒருநாள் நல்ல வெயிலில், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், அப்பா வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, முன்னால் சுற்றி வந்து, சாவியை மாதையன் கையில் கொடுத்துவிட்டு கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று சொல்லவில்லை. மாதையனும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இடுப்பு வலி என்றார். கடைசிவரை இடுப்பு வலி என்றேதான் சொன்னார். எல்லாம் முற்றியபிறகு ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, அப்பவே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாமே என்றபோது, அப்பா அந்த டாக்டரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வரிகள் நின்றன. முடிந்தது, மெஷினை ஒருமுறை அணைத்துப் போடவும் என்றது. அவன் அணைத்துப் போட்டான்.

திரை கறுத்து, அப்படியே இருந்து, பிறகு ஓசையில்லாமல் விரிந்தது. ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்ததுபோல. எழுத்தெல்லாம் சின்னதாகி, மூலைக்கு மூலை ஒதுங்கி, கூர்மையாக நின்றன. விசிறியின் இரைச்சல் தணிந்தது. அவன் கேட்கவே வேண்டியதில்லை, இருந்தும் கேட்டான். கார்டின் பெயருக்குக் கீழே டிரைவரின் பெயர் வந்து நின்றது. பேசுகிற ஆள் வந்துவிட்டான். சின்னப் பையனைப்போல மேஜையை ஒருதடவை தட்டிக்கொண்டான். பிளானைத் திறந்தான். வேலூர் ரோட்டில் கட்டப்போகிற கிழக்குப் பார்த்த வீடு, கீழே ஒரு ஹால், இரண்டு ரூம், ஈசானியத்தில் தண்ணீர்த் தொட்டி. கோடுகள் கூந்தல் இழைபோல மெலிதாக, சிவப்பிலும் நீலத்திலும் வந்தன. சக்கரத்தைச் சுழற்றினால் வீடு பக்கத்தில் வந்தது, தடங்கல் இல்லாமல், எண்ணெய் போட்ட கீல் மாதிரி. ஹாலின் வடக்குச் சுவரை இடது முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். நேர். நேர். நேர். புடைப்பு. உடனே கண்ணை எடுத்து மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தான். பிறகு, பார்க்காததுபோல, மறுபடி பார்த்தான். அங்கேயே இருந்தது. அதே புளியங்கொட்டை.

திரையைப் படம் பிடித்து ஜமாலுதீனுக்கு அனுப்பினான். வடக்குச் சுவர், நடுவுல, என்று எழுதினான். குரல் பதிவாகப் பதில் வந்தது, பின்னால் யாரோ சார்ஜர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கீங்ணா வளையுது? ஸ்கேலையே வெச்சுப் பாத்துட்டேன், ஈட்டி மாதிரி நிக்குது. மானிட்டரத் தொடச்சுப் பாருங்க, ஈரத்துணி வேண்டாம்." அர்த்தநாரி மானிட்டரைத் துடைக்கவில்லை. போனை எடுத்து, தான் அனுப்பிய அதே படத்தைப் போனில் திறந்து, வடக்குச் சுவரைப் பார்த்தான். போனிலும் புடைத்தது. வேறு திரை. வேறு கம்பெனி. உள்ளே கார்டு இல்லை, சந்தனம் இல்லை, துப்பாக்கி விளையாட்டு ஆடியவன் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தான். உள்ளேயிருந்து, இன்னொருவன் எட்டிப் பார்ப்பதுபோல, அப்படியானால் எங்கே என்று ஒரு கேள்வி வந்தது. பயந்த குரலில் இல்லை. எந்தப் பல் இடிக்கிறது என்று கேட்கிற அதே குரலில்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பான் ஜமாலுதீன். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். அர்த்தநாரி வெற்றுத் தாளைத் திறந்து, குறுக்கும் நெடுக்குமாகச் சம இடைவெளியில் கோடுகள் இழுத்தான். கட்டம் கட்டமாக, திரை முழுதும். நடுக்கட்டத்தைப் பார்த்தான். நாடாக்கட்டிலில் யாரோ உட்கார்ந்த இடம்போல நடுவில் கட்டங்கள் தொய்ந்தன. இடது மூலையைப் பார்த்தான். உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து, இடது மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். வலது. வலதுக்கு வந்தார். கீழே, மேலே, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தார். கட்டிலில் இல்லை, பார்க்கிற பார்வையின் முனையில் குடியிருக்கிறார். என்ன ஒழுங்கு என்று இருந்தது அவனுக்கு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஜன்னலைப் பார்த்தான், கம்பிகளில் ஒன்று நடுவில் இடுப்பை வளைத்து நின்றது. அடுத்த கம்பியைப் பார்த்தால் முதல் கம்பி நிமிர்ந்து அடுத்தது வளைந்தது. இத்தனை நாள் திரையை மட்டும் பார்த்துத் திரையை மட்டும் குற்றம் சொன்னவன், ஜன்னலை ஒருதடவை பார்த்திருந்தால் போதும். பார்க்காமல் இருந்தது தற்செயலா? அப்போது வலது கை தானாக எழுந்தது. உள்ளங்கை வலது கண்ணை மூடியது. கட்டங்கள் குழியில் விழுந்தன, நடுவில் டீக் கறை மாதிரி ஒரு பழுப்பு, அதற்குள் கோடுகள் நெளிந்தன. கையை மாற்றி இடது கண்ணை மூடினான். கட்டங்கள் விறைப்பாக, பச்சென்று, மடிப்புக் கலையாத புதுத்துணி போல நின்றன. மறுபடி வலது. மறுபடி இடது. அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவுடன் வருகிற சின்னத் துள்ளல் நெஞ்சில் ஒருதடவை வந்துவிட்டுத்தான், எதைக் கண்டுபிடித்தோம் என்பது வந்தது. நல்ல கண் ஒன்று கெட்ட கண்ணுக்காக இத்தனை நாள் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, முழுதாக மட்டும் மறைக்க முடியாமல். கை இன்னும் கண்மேலேயே இருந்தது. இந்தக் கையை அவன் முன்பே பார்த்திருக்கிறான். தெருமுனையில் மின்கம்பம். அப்பா வாசலில் நின்று உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக் கம்பத்தைப் பார்க்கிறார், கையை மாற்றுகிறார், மறுபடி பார்க்கிறார். இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிற அவன் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று அதேமாதிரி கண்ணை மூடிக் கம்பத்தைப் பார்க்கிறான். கம்பம் கொஞ்சம் இந்தப் பக்கம் குதிக்கிறது, கொஞ்சம் அந்தப் பக்கம் குதிக்கிறது. விளையாட்டு என்று நினைத்தான். "எனக்குக் குதிக்குதுப்பா, உங்களுக்கு?" என்று கேட்டான். அப்பா, "எனக்கும்தான்" என்றார். அந்த ஒரு பதிலை இத்தனை வருஷம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்று தெரிந்தது. அவருக்கும் ஆர்வமாக இருந்திருக்குமா, முதல் சில நாள்? கம்பம் ஏன் வளைகிறது என்று? இருந்திருக்கும். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தவர். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டே வந்தவர், மாற்றவேண்டிய கடைசி இடம் வந்தபோது நிறுத்திக்கொண்டார்.

"வந்துருச்சுங்களா?" வசந்தாமணி இந்தத் தடவை உள்ளேயே வந்துவிட்டாள். சேலை மாற்றித் தலைசீவிப் பூ வைத்திருந்தாள். அவன் கண்ணிலிருந்து கையை எடுத்தான்.

"வந்துருச்சு."

"அட, எழுத்தெல்லாம் பழையபடி எறும்பாட்ட ஆயிருச்சு. இதென்னுங்க, கட்டம் கட்டமா?"

"வேலை செய்யுதான்னு பாத்தேன். மெஷின்ல ஒண்ணுமில்ல." பிறகு சொன்னான், "உன்ற சந்தனத்தால இல்ல. நேத்து ஆஃப் பண்ணி வெச்சமல்ல, அதனாலதான்."

"அப்பச் சாமி கும்புட்டதுதான் தப்புங்கறீங்க."

"வருஷம் பூராம் ஆஃப் பண்ணாம வெச்சிருந்தது தப்பு."

"அதத்தானுங்க நான் வருஷம் பூராம் சொல்றேன். நான் சொன்னாக் கேப்பீங்களா, அந்தப் பாய் சொன்னாத்தான் கேப்பீங்க." சந்தனத்தின் பழி நீங்கியதில் அவள் முகம் தெளிந்திருந்தது. பொரிக் கிண்ணத்தை எடுத்து, பாதிகூடத் தின்னவில்லையே என்று பார்த்தாள். "கோயிலுக்குப் போலாம்னு சொன்னீங்க. நடை சாத்திருவாங்க."

"போலாம். வர்ற வழில சங்ககிரி ரோட்டுல அந்தக் கண் டாக்டர் இருக்கறாரான்னு பாத்துட்டு வரலாம்."

"யாருக்குங்க?"

பதில்கள் வரிசையாக வந்து நின்றன. கண்ணாடி பவர் மாறியிருக்கும். தலைவலி. ராத்திரி தூக்கம் சரியில்லை. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில், தன் முறைக்குக் காத்துக்கொண்டு, இடுப்பு வலியும் நின்றது.

"எனக்குத்தான்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கட்டங்களை மூடி, திரையைத் தூங்க வைக்கப் போய், நிறுத்தி, அணைத்தான். விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"இன்னிக்கு லீவா இருக்குமுங்க" என்றாள், கிண்ணத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு.

"இருந்தா நாளைக்குப் போலாம்."

வாசலில் ஸ்கூட்டர் நேற்றைய அலங்காரத்தோடு நின்றது. விளக்குக்கு மேலே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, கைப்பிடியில் சுற்றிய செவ்வந்தி வாடித் தொங்கியது. தெருவில் யாரோ உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பு இன்னும் கழுவப்படாமல் கிடந்தது. தெருமுனையில் மின்கம்பம். அவன் அதைப் பார்க்காமல் வண்டியின் பூட்டை விடுவித்து, ஸ்டாண்டைத் தள்ளி, தெருப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினான். வசந்தாமணி வீட்டைப் பூட்டிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தாள். அவன் சாவியை உருவி அவள் பக்கம் நீட்டினான். அவள் கைப்பையை அவனிடம் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கினாள். முன்னால் ஏறி உட்கார்ந்து, அவன் உயரத்துக்கு வைத்திருந்த பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.